குரோமியம் எந்தக் குலம்?

"உழைப்பிலே இழிவில்லை, இளைஞர்கள் கைத்தொழில் கற்கவேண்டும்" என்று உபதேசம் செய்வோர் மீண்டும் பெருகியிருக்கிறார்கள். நல்ல வாசகந்தான், நாமும் மறுக்கவில்லை. ஆனால், எவரிடம் சொல்லுகிறார்கள்? காலமெல்லாம் உழைத்தே தேய்ந்தவன் மகனிடம் சொல்லுகிறார்கள். உழைப்பை இழிவென்று ஒதுக்கியவன் வீட்டு வாசலிலே அந்த உபதேசம் ஒலிப்பதேயில்லை!

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையோடு சென்று பாருங்கள், தோழர்களே. பச்சைத் தோலை உப்பிட்டு, சுண்ணாம்பிலே ஊறவைத்து, மயிர் களைந்து, சதை வழித்து, பதனிட்டு, உலகச் சந்தைக்கு அனுப்பும் வட்டாரம் அது. ஐரோப்பியன் காலிலே பளபளக்கும் காலணியின் மேற்பாகத்தைத் தைத்தவள் ஆம்பூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்ணாக இருக்கக்கூடும். தோல் விற்ற காசைத் தீட்டென்று எந்த வங்கியும் தள்ளியதில்லை. மாட்டுத்தோல் போர்த்த மிருதங்கம் சபையேறுகிறது. ரசிகர்கள் மெய்மறந்து தலையாட்டுகிறார்கள். தோலைத் தொட்டுப் பதம் செய்த கைகளுக்கு மட்டும் சேரி! இந்த விந்தையை விளக்க எந்த வேதாந்தியும் முன்வரக் காணோம்.

1953இலே ஆச்சாரியார் ஆட்சி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று கண்டு நாடு கொதித்தது. 1954இலே காமராசர் வந்தார். திட்டம் குப்பைக்குப் போயிற்று. போயிற்றா? 2023இலே மத்திய அரசு கொணர்ந்த விசுவகர்மா திட்டம், குடும்ப வழிவந்த 18 தொழில்களைப் பட்டியலிட்டது. செருப்புத் தைப்பதும் அதிலே ஒன்று. வயது 18 ஆனாலே போதுமாம்! கடன் தருகிறார்கள், கருவி தருகிறார்கள், உண்மைதான். கல்லூரிக்குப் போகவேண்டிய வயதிலே, அப்பன் உட்கார்ந்த இடத்திலேயே பிள்ளையை உட்காரவைக்கத் தருகிறார்கள். தமிழ்நாடு அரசு 2024இலே அதை ஏற்க மறுத்ததும், குல நிபந்தனையின்றி 35 வயது நிரம்பியோர்க்கு 2025இலே வேறொரு கைவினைத் திட்டம் தொடங்கியதும் சரியே என்போம்.

குலத்தொழில் குருதியிலே ஊறியதாம்! தோல் தொழிலையே சாட்சிக்கு அழைப்போம். ஆவாரம் பட்டையிலே வாரக்கணக்கில் ஊறவைத்தது பழைய முறை. குரோமிய உப்பிட்டு ஒரு நாளிலே பதனிடும் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் சென்னைக்கு வந்தது. அதை இங்கே சோதித்துப் பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர். அவர் எந்தச் சேரியிலே பிறந்தவர்? எந்தப் பாட்டன் அவர் காதிலே ஓதினான்? அமிலம் எவ்வளவு, காரம் எவ்வளவு, எத்தனை நேரம் உருளையைச் சுழற்றுவது என்பதெல்லாம் ரசாயனம். கற்றால் எவனுக்கும் வரும். கற்காவிட்டால் எவனுக்கும் வராது. 1948இலே அடையாற்றிலே தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலே பட்டம் பெற்றோர் இதைத்தான் ஆராய்கிறார்கள். அங்கே தோலைத் தொட்டவர் விஞ்ஞானி. பேரணாம்பட்டிலே தொட்டவன் யார்? பதில் சொல்ல நாக்குக் கூசுகிறதல்லவா!

அறிவை ஒரு சாராருக்கும் வேலையை மறு சாராருக்கும் பங்கிட்டதன் விலையை உயிராகவே கொடுத்திருக்கிறோம். சல்பைடு கலந்த கழிவோடு அமிலம் சேர்ந்தால் நச்சுவாயு எழும், சில மூச்சிலே ஆள் சாய்வான் என்பதைத் தொட்டியிலே இறங்குகிறவனுக்கு எவர் கற்பித்தார்? 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையிலே கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. உறக்கத்திலிருந்த 10 பேர் அந்தச் சேற்றிலே மாண்டனர். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாறு பாழான கதையையோ 1996இலே உச்சநீதிமன்றமே எழுதிவைத்தது. கெடுத்தவனே ஈடு தரவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

கைத்தொழிலே வேண்டாமென்கிறோமா? இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் கற்பியுங்கள் என்கிறோம். வேலூர் வழக்கறிஞர் மகனும் கத்தி பிடித்துத் தோல் வெட்டிப் பழகட்டும். ஆம்பூர்த் தொழிலாளி மகள் ரசாயனக் கூடத்திலே சோதனைக் குழாய் பிடிக்கட்டும். பள்ளிப் படிப்பு முடியுமுன் எந்தப் பிள்ளையையும் தொழிற்சாலை வாயிலுக்கு அழைக்காதீர்கள். பிறகு, உழைப்பின் உயர்வைப் பேசுவோர் தாராளமாகப் பேசட்டும். கூலி எவ்வளவு, கையுறை உண்டா, தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் காற்றைச் சோதிப்பார் உண்டா என்பதையும் அதே மேடையிலே சொல்லிவிட்டுப் பேசட்டும்!