இலவச வைஃபை லாகின்: பக்கம் கேட்பதை எல்லாம் கொடுத்துடலாமா?

எம்ஆர்டி நிலையம், நூலகம், கடைத்தொகுதி, வேலையிடம்... ஒரு நாளில் எத்தனை வைஃபை கட்டமைப்புகளில் நம் கைத்தொலைபேசி நுழைந்து வெளியே வருகிறது? யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. திரையில் திடீரென்று ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும். பெயர், தொலைபேசி எண், "ஏற்கிறேன்" என்று ஒரு பொத்தான். தட்டிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம்.

"பொது வைஃபையா? வங்கிக் கணக்கைத் திறந்துடாதே!" என்பது பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் அறிவுரை. ஆனால் ஆபத்து இருக்கும் இடம் கொஞ்சம் மாறிவிட்டது. இணைந்த பிறகு நாம் பார்ப்பதைவிட, இணையும்போது அந்த லாகின் பக்கத்தில் நாம் எழுதிக் கொடுப்பதுதான் இன்று அதிகம் கவனிக்கவேண்டிய விஷயம்.

ஏன் அப்படி?

அந்தப் பக்கம் எங்கிருந்து வருது?

வைஃபையில் இணைந்தவுடன் உங்கள் போன் சத்தமில்லாமல் ஒரு சோதனை செய்கிறது. ஐஃபோன் என்றால் ஆப்பிளின் ஒரு சிறிய பக்கத்தைக் கேட்கும். ஆண்ட்ராய்டு என்றால் பொதுவாக கூகலின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். எதிர்பார்த்த பதில் வந்தால் "சரி, இணையம் வேலை செய்யுது" என்று முடிவு செய்துகொள்ளும்.

பொது வைஃபையில் அந்தப் பதில் வராது. வைஃபையை நடத்துபவரின் கருவி கேள்வியை நடுவிலேயே மடக்கி, தன் சொந்தப் பக்கத்தை அனுப்பிவைக்கும். "ஓ, இங்கே ஒரு வாசல் இருக்கு" என்று போன் புரிந்துகொண்டு, அந்தப் பக்கத்தை ஒரு சிறு சாளரத்தில் திறந்து காட்டும்.

இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு.

ஒன்று, அந்தப் பக்கத்தை அனுப்புவது வைஃபையை நடத்துபவர். அவர் யார் என்று போன் சோதிப்பதில்லை. மறைச்சொல் இல்லாத திறந்த வைஃபையில் போனுக்குத் தெரிந்தது கட்டமைப்பின் பெயர் மட்டுமே. அதே பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, அந்தச் சிறு சாளரம் வழக்கமான உலாவி மாதிரி இருக்காது. இணைய முகவரி எடுப்பாகத் தெரியாது. மறைச்சொல் போடும் முன் முகவரியைப் பார்க்கவேண்டும் என்று பழகியவர்கள்கூட அங்கே பார்ப்பதில்லை.

திறந்த வைஃபை இன்னும் அவ்வளவு ஆபத்தா?

ஒரு காலத்தில் நிச்சயமாக ஆபத்துதான். 2010ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஃபயர்ஷீப்' என்ற ஒரு சிறிய மென்பொருள் வெளிவந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அதைச் சேர்த்துக்கொண்டால் போதும். அதே திறந்த வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே தட்டில் நுழைய முடிந்தது. காப்பிக் கடையில் பக்கத்து மேசையில் இருப்பவர்கூட உங்கள் பெயரில் பதிவு போடலாம் என்ற நிலை.

காரணம் எளிது. அப்போது பல இணையப்பக்கங்கள் லாகின் செய்யும் அந்த ஒரு நொடிக்கு மட்டும்தான் தகவலைப் பூட்டி அனுப்பின. மற்றவையெல்லாம் திறந்த அஞ்சலட்டை மாதிரி காற்றில் பறந்தன.

இன்று நிலைமை வேறு. முகவரியின் தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' இருந்தால், உங்கள் போனுக்கும் அந்த இணையப்பக்கத்துக்கும் இடையே செல்லும் தகவல் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். குரோம் உலாவியில் திறக்கப்படும் பக்கங்களில் 10இல் 9க்கும் மேல் இப்போது இப்படித்தான் வருகின்றன. வங்கிச் செயலிகளும் வாட்ஸ்அப்பும் தங்கள் தகவலைப் பூட்டியே அனுப்புகின்றன. பக்கத்து மேசைக்காரர் காற்றில் கைவைத்தாலும் அவருக்குக் கிடைப்பது படிக்க முடியாத எழுத்துகள்தான்.

அதற்காகத் திறந்த வைஃபையில் எதுவுமே தெரியாது என்று நினைக்கவேண்டாம். நீங்கள் எந்த இணையத்தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் வைஃபையை நடத்துபவருக்குத் தெரியும். அங்கே என்ன படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது.

அப்போ எங்கே மாட்டிக்கிறோம்?

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

2024 ஏப்ரலில் ஓர் உள்நாட்டு விமானப் பயணத்தின்போது சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்று தெரிவதை விமான நிறுவன ஊழியர்கள் கவனித்துப் புகார் கொடுத்தனர். பெர்த் விமான நிலையத்தில் ஓர் ஆடவரின் கைப்பையைக் காவல்துறை சோதித்தது. உள்ளே கையடக்க வைஃபை கருவி, மடிக்கணினி, கைத்தொலைபேசி.

அவர் செய்தது இதுதான். உண்மையான இலவச வைஃபையின் பெயரிலேயே இன்னொரு வைஃபையை உருவாக்கினார். இணைந்தவர்களுக்கு ஒரு லாகின் பக்கம் வந்தது. "மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கைக் கொண்டு உள்ளே வாருங்கள்" என்றது அந்தப் பக்கம். மறைச்சொல்லை எழுதியவர்களின் விவரங்கள் நேராக அவருடைய கருவிக்குச் சென்றன. 2025 நவம்பரில் அவருக்கு 7 ஆண்டு 4 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பூட்டை உடைத்து அவர் எதையும் எடுக்கவில்லை. கேட்டார், கொடுத்தார்கள். எச்டிடிபிஎஸ் இங்கே உதவாது. நீங்களே தவறான ஆளிடம் சாவியைக் கொடுத்தால் பூட்டு என்ன செய்யும்?

இத்தகைய வைஃபையை "தீய இரட்டை" என்று சொல்வார்கள்.

சரி, வைஃபை உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தை நம்பலாமா? 2024 செப்டம்பரில் பிரிட்டனின் 19 பெரிய ரயில் நிலையங்களில் வைஃபையில் இணைந்த பயணிகள், பயங்கரவாதத் தாக்குதல்கள் பற்றிய வெறுப்புச் செய்தியை லாகின் பக்கத்தில் பார்த்தனர். வைஃபை சேவைக்குத் துணைபுரிந்த நிறுவனம் ஒன்றின் ஊழியர் கைதானார். தனிப்பட்ட தகவல் எதுவும் பறிபோகவில்லை என்று கூறப்பட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்தை மாற்றுவதற்கு உள்ளே இருக்கும் ஓர் ஆள் போதும் என்பது தெரிந்துவிட்டது.

விபிஎன் இருக்கே, போதாதா?

லாகின் பக்கத்துக்குப் போதாது. பொது வைஃபையின் வாசலைத் தாண்டிய பிறகுதான் விபிஎன் வேலை செய்யத் தொடங்கும். வாசலிலேயே நீங்கள் எழுதிக்கொடுத்ததை அது பாதுகாக்காது. இணைந்த பிறகு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை வைஃபை நடத்துபவரிடமிருந்து மறைக்க அது உதவும். அதேநேரம் அந்த விவரம் விபிஎன் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. இலவச விபிஎன் என்றால் கூடுதலாக யோசிக்கவேண்டும்.

சிங்கப்பூரில் எப்படி?

வயர்லெஸ்@எஸ்ஜி சேவை 2006 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதன் கட்டமைப்புகளைத் தேடும்போது இரண்டு பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று வெறும் வயர்லெஸ்@எஸ்ஜி. மற்றொன்று அதே பெயரின் கடைசியில் 'எக்ஸ்' என்ற ஓர் எழுத்து சேர்ந்தது. அந்த ஓர் எழுத்தில்தான் பெரிய வித்தியாசம்.

எக்ஸ் இல்லாதது திறந்த வாசல். பக்கம் வரும், கைத்தொலைபேசி எண்ணைக் கொடுக்கவேண்டும், ஒருமுறை மறையெண் குறுஞ்செய்தியில் வரும்.

எக்ஸ் உள்ளதில் லாகின் பக்கமே வராது. உள்ளூர் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம் அட்டை இருந்தால் அந்த அட்டையே உங்களை அடையாளம் காட்டும். போனுக்கும் வைஃபை கருவிக்கும் இடையே செல்லும் தகவலும் பூட்டப்பட்டிருக்கும். ஒருமுறை அமைத்துவிட்டால் அடுத்தமுறை தானாக இணையும். இரண்டும் கண்ணில் பட்டால் எக்ஸ் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். எழுதிக்கொடுக்க ஒரு பக்கமே இல்லை என்றால் ஏமாற்றவும் அங்கே வழி குறைவு.

ஒருமுறை மறையெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஏதோ ஒரு பக்கம் கேட்டதும் குறுஞ்செய்தியில் வந்த எண்ணைத் தட்டுவது நமக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. மோசடிக்காரர்களுக்கு அதுதான் வசதி. மின்னிலக்கப் பாதுகாப்புச் சாதனம் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள் வங்கிக் கணக்கில் நுழைய ஒருமுறை மறையெண்ணைப் பயன்படுத்தும் முறை படிப்படியாக நிறுத்தப்படும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2024 ஜூலையில் அறிவித்ததற்கும் இதுவே பின்னணி. வைஃபைக்காக எண்ணைத் தட்டும் முன் குறுஞ்செய்தியை முழுக்கப் படியுங்கள். "வைஃபை" என்று நினைத்துத் தட்டும் எண், வேறு ஏதாவது கணக்குக்கானதாக இருக்கலாம்.

வேலையிட வைஃபை: அந்தச் 'சான்றிதழ்' கேள்வி

அலுவலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் கதை வேறு. அங்கே எல்லாருக்கும் ஒரே மறைச்சொல் இருக்காது. உங்கள் பெயர், உங்கள் மறைச்சொல். மாணவர்கள் பயன்படுத்தும் 'எடுரோம்' அதே வகை.

முதல்முறை இணையும்போது ஐஃபோன் ஒரு சான்றிதழைக் காட்டி "நம்பலாமா?" என்று கேட்கும். ஆண்ட்ராய்டில் 'டொமைன்' என்று ஒரு கட்டம் வரும். என்னவென்று தெரியாமல் கண்டதைத் தட்டி உள்ளே போய்விடுவோம்.

உண்மையில் உங்களுக்குக் கிடைக்கும் முக்கியமான கேள்வியே அதுதான். பொது வைஃபையில் மறுமுனையில் யார் என்று சோதிக்கப் போனுக்கு வழியில்லை. இங்கே வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழ்தான் "நான் உங்கள் அலுவலகம்தான்" என்பதற்கான அடையாள அட்டை. அதைச் சோதிக்காமல் விட்டால், அலுவலகத்துக்குக் கீழே காப்பிக் கடையில் அதே பெயரில் ஒருவர் வைஃபை வைத்து உங்கள் வேலையிடக் கணக்குக்குக் குறிவைக்கலாம். பல இடங்களில் அந்தக் கணக்கே மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் சாவி.

சான்றிதழைச் சோதிக்காமலே இணையும் தேர்வை 2020 டிசம்பரில் கூகல் தன் பிக்செல் போன்களிலிருந்து நீக்கியது. "நேற்றுவரை வேலை செஞ்சது, இன்னிக்கு ஏன் இல்லை?" என்று பலர் குழம்பினார்கள். தொந்தரவாகத் தெரிந்தது உண்மையில் பாதுகாப்பு.

என்ன செய்யலாம்? தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் டொமைன் பெயர் என்ன, சான்றிதழில் என்ன பெயர் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை. ஏற்கெனவே இணைந்த போன் மறுபடியும் "நம்பலாமா?" என்று கேட்டால் உடனே தட்டவேண்டாம். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

முதலாளிக்கு எல்லாம் தெரியுமா?

உங்கள் சொந்தப் போனில் அலுவலக வைஃபையை மட்டும் பயன்படுத்தினால், எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள், எப்போது, எவ்வளவு நேரம் என்பது தெரியலாம். வேலை தேடும் தளத்தை மதிய உணவு நேரத்தில் திறந்தது தெரியலாம். உங்கள் வாட்ஸ்அப் உரையாடல் தெரியாது.

அலுவலகம் கொடுத்த போனிலோ, நிறுவனத்தின் நிர்வாகக் கோப்பையும் சான்றிதழையும் நிறுவிய சொந்தப் போனிலோ நிலைமை மாறலாம். பூட்டிய தகவலையும் நடுவில் திறந்து பார்க்கும் வசதி சில நிறுவனங்களிடம் உண்டு. ஐஃபோனில் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்' பகுதிக்குள் 'விபிஎன் & டிவைஸ் மேனேஜ்மென்ட்' என்று ஓர் இடம் இருக்கிறது. என்ன நிறுவப்பட்டிருக்கிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை உறவை நிர்வகிக்கத் தேவையான தகவலைத் திரட்ட முதலாளி உங்கள் சம்மதத்தைப் பெறவேண்டியதில்லை. ஆனால் எதற்காகத் திரட்டுகிறார் என்பதை உங்களுக்குத் தெரியப்படுத்தவேண்டும். ஆகவே கேட்பதில் தப்பில்லை.

லாகின் பக்கமே வரலைன்னா?

- விபிஎன், 'பிரைவேட் டிஎன்எஸ்' இருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள். இணைந்ததும் மறுபடி இயக்குங்கள்.
- வைஃபை பெயரை 'மறந்துவிடு' என்று கொடுத்து மீண்டும் இணையுங்கள்.
- ஒவ்வொரு முறையும் புதிதாக லாகின் கேட்கிறதா? உங்களைப் பின்தொடர முடியாதபடி போன் தன் வைஃபை முகவரியை மாற்றிக் காட்டுவது காரணமாக இருக்கலாம். அந்த வசதியை அணைக்காமல் இருப்பதே நல்லது.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது?

- விதிமுறைகளை ஏற்பது, தொலைபேசி எண்: இடம் நம்பகமானது என்றால் சரி.
- மின்னஞ்சல்: விளம்பரங்களுக்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது. அதன் மறைச்சொல்லை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.
- ஃபேஸ்புக், கூகல் கணக்கு வழியாக லாகின்: வேறு வழி இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.
- அடையாள அட்டை எண்: சட்டப்படி தேவைப்படும் சூழல்களைத் தவிர, நிறுவனங்கள் அதைத் திரட்டுவதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. இலவச வைஃபைக்கு அது எதற்கு?
- சிங்பாஸ் மறைச்சொல், வங்கி விவரம், இலவசச் சேவைக்குக் கடன்பற்று அட்டை எண்: எந்தச் சூழலிலும் வேண்டாம்.
- ஒரு செயலியையோ கோப்பையோ நிறுவச் சொன்னால்: பக்கத்தை மூடிவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள்.

பழைய திறந்த வைஃபை பெயர்களைப் போனிலிருந்து அவ்வப்போது நீக்குவதும் உதவும். எப்போதோ ஒருமுறை இணைந்த பெயரை வேறு யாராவது வைத்தால், போன் தானாகவே அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

மறைச்சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மொபைல் டேட்டாவுக்கு மாறி, உடனே அந்த மறைச்சொல்லை மாற்றுங்கள். அதே மறைச்சொல்லை வேறு எங்கெல்லாம் பயன்படுத்துகிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். வங்கி விவரம் போயிருந்தால் முதலில் வங்கியை அழையுங்கள். மோசடியா இல்லையா என்று தெரியாவிட்டால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.