நீதிபதிகள் எழுதிய சட்டம், தெரு திருத்திய தீர்ப்பு

ஆளுநர் விவகாரத்தில் 2025 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைச் சொன்ன பிறகு, 'அதிகாரப் பிரிவினை' என்ற சொல் நம் வட்டத்தில் அதிகம் புழங்குகிறது. ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, கெடு தாண்டிவிட்டது என்பதால் மசோதா ஒப்புதல் பெற்றதாகக் கருதவும் முடியாது, அது அதிகாரப் பிரிவினைக்கு எதிரானது என்றது அந்த அமர்வு. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாக இரு நீதிபதிகள் அறிவித்தபோது இனிப்பு கொடுத்த தோழர்கள், நவம்பரில் சோர்ந்துபோனார்கள். கொண்டாட்டமும் புரிகிறது, சோர்வும் புரிகிறது. ஆனால் நீதிமன்றம் எப்போது தன் எல்லையைத் தாண்டுகிறது, எப்போது எல்லைக்குள் அடக்கமாக உட்கார்ந்துகொள்கிறது என்ற கேள்வியைச் சாதியை ஒதுக்கி வைத்துவிட்டு நாம் ஏன் பேசுகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

2018 மார்ச் 20 தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிராவில் ஒரு தலித் அரசு ஊழியர், தன் பணிக் குறிப்பேட்டில் மேலதிகாரிகள் எழுதியது குறித்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தார். வழக்குத் தொடர அனுமதி மறுத்த அதிகாரி மீதும் பிறகு புகார் கொடுத்தார். அந்த அதிகாரியின் மேல்முறையீடுதான் உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகள் ஏ.கே.கோயல், யு.யு.லலித் இருவரும் அந்த ஒரு வழக்கை முடித்து அனுப்பியிருக்கலாம். நாட்டுக்கே புது விதி எழுதினார்கள். அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். மற்றவர்களைக் கைது செய்ய மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதல் வேண்டும். வழக்குப் பதிவதற்கு முன்பே டி.எஸ்.பி. ஒருவர் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். முன்ஜாமீன் கிடையாது என்று சட்டத்தின் 18ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க, முகாந்திரம் இல்லாத வழக்கில் கொடுக்கலாம் என்றார்கள்.

இவற்றில் கைது ஒப்புதலோ முதற்கட்ட விசாரணையோ 1989இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இல்லை. ஊரில் குடிசை கொளுத்தப்பட்டவர் காவல் நிலையப் படியேறினாலே புகாரை வாங்கவைக்க எத்தனை நாள் ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தப் படிக்கு மேல் இன்னும் இரண்டு படிகளை நீதிமன்றம் கட்டியது. சொன்ன காரணம், சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது. முடித்து வைக்கப்பட்ட புகார்களின் கணக்கைக் காட்டினார்கள். அப்படி முடித்து வைப்பது யார்? அதே காவல்துறைதான்.

ஏப்ரல் 2 அன்று தலித் அமைப்புகள் நாடு தழுவிய முழு அடைப்பு நடத்தின. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் துப்பாக்கிச் சூடுகள், மரணங்கள். ஒன்பதுக்குக் குறையாதோர் அன்று செத்தார்கள், பெரும்பாலோர் தலித்துகள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. அவை சட்டமன்றத்தின் களத்துக்குள் நுழைந்துவிட்டன என்று அந்த அமர்வே எழுதியது. அதிகாரப் பிரிவினை மீறப்பட்டதை நீதிமன்றம் ஒப்புக்கொள்ள ஒன்றரை ஆண்டு ஆனது. நடுவில் விழுந்த பிணங்களுக்கு அந்தத் தீர்ப்பில் கணக்கு இல்லை.

அப்படித் தாராளமாக எல்லை தாண்டிய நீதிமன்றம், 2020 பிப்ரவரியில் உத்தரகாண்ட் பதவி உயர்வு வழக்கில் என்ன சொன்னது? இட ஒதுக்கீடு கொடுக்க அரசு கடமைப்பட்டதல்ல, கொடு என்று உத்தரவிட நீதிமன்றத்தாலும் முடியாது என்றது. அதே ஆண்டு ஜூனில், மருத்துவப் படிப்பின் அகில இந்தியத் தொகுப்பு இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் கேட்டுத் தமிழ்நாட்டுக் கட்சிகள் போனபோது, இட ஒதுக்கீடு அடிப்படை உரிமையல்ல என்று சொல்லி உயர்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. நம்மிடமிருந்து எடுக்கக் கை நீளும், நமக்குக் கொடுக்கச் சொன்னால் கை கட்டப்பட்டிருக்கும்.

50 விழுக்காடு வரம்பும் இப்படி வந்ததுதான். அரசமைப்புச் சட்டத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், இருக்காது. 1962இல் பாலாஜி வழக்கில் நீதிபதிகள் பேசியது, 1992இல் மண்டல் வழக்கில் உறுதியானது. 2022 நவம்பரில் முன்னேறிய சாதி ஏழைகளுக்கான 10 விழுக்காட்டை 3-2 என்று ஏற்றபோது, அந்த வரம்பு மீற முடியாததல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்திய பீகார் 65 விழுக்காடாக உயர்த்தியதைப் பாட்னா உயர்நீதிமன்றம் ரத்து செய்தபோது அதே வரம்பு மறுபடி உயிரோடு வந்து நின்றது.

இதன் தொடக்கம் நம் ஊரில்தான். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்படும் என்று வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராஜன் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை! மற்றொரு மனுதாரருக்காக நின்றவர் அரசமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். பெரியாரும் திராவிடர் கழகமும் தெருவுக்கு வந்தார்கள். ஜூனில் முதல் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. 1951இலும் 2018இலும் நாடாளுமன்றம் தானாக விழித்துக்கொள்ளவில்லை. மக்கள் எழுப்பினார்கள்.

"மோடி ஆட்சியில் நீதிமன்றமும் பலவீனமானால் யார் காப்பாற்றுவார்கள்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான அச்சம்தான். ஏப்ரல் தீர்ப்புக்குப் பிறகு, நீதிபதிகள் சூப்பர் நாடாளுமன்றமாக நடக்கிறார்கள் என்று அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் தன்கர் சீறினார். ஆளுநர் மாளிகையைக் காப்பாற்றும் கவலை அது. நம் கவலை வேறு. நீதிமன்றம் பலமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1949 மே 24 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் இதைப் பேசினார். தலைமை நீதிபதியும் மனிதர்தான், நம் எல்லோருக்கும் உள்ள குறைகளும் சார்புகளும் அவருக்கும் உண்டு, நியமனத்தில் அவர் கையில் தடுப்பதிகாரம் கொடுப்பது ஆபத்து என்றார். நிர்வாகத்திடம் முழுதாக விடுவதையும் அவர் ஏற்கவில்லை. 1993இல் நீதிபதிகளே தீர்ப்பெழுதி, நியமனத்தில் இறுதிச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கொலீஜியம் என்ற சொல்லும் அரசமைப்பில் கிடையாது. 2015இல் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 4-1 என்று ரத்து செய்தார்கள். சட்ட அமைச்சரை உள்ளே வைத்த அந்த ஆணையத்துக்காக நான் அழமாட்டேன். ஆனால் ஆணையத்தின் இரு பிரமுகர்களில் ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் இவர்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்ற ஒரு வரி அதில் இருந்தது. அதுவும் சேர்ந்து குப்பைக்குப் போனது.

விளைவை ஒன்றியச் சட்ட அமைச்சரே 2023 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்னார். 2018 முதல் நியமிக்கப்பட்ட 604 உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பொதுப் பிரிவினர் 458 பேர். பிற்படுத்தப்பட்டோர் 72, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 9, சிறுபான்மையினர் 34. 13 பேரைப் பற்றித் தகவல் இல்லை. கீழமை நீதிமன்றங்களில் இட ஒதுக்கீடு உண்டு, உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் இல்லை.

அரசமைப்பின் 124, 217 பிரிவுகளைத் திருத்தி மேல் நீதிமன்றங்களிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. எல்லாக் கட்சிகளின் வேட்பாளர்களிடமும் இதைக் கேட்க வேண்டும், சமூகநீதி பேசும் கட்சிகளிடம் கொஞ்சம் கூடுதலாக. அதற்கு முன்பே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பரிந்துரைக்கப்படுவோரின் சமூகப் பின்னணி 2018 முதல் படிவங்களில் சேகரிக்கப்படுகிறது. அதை உறுப்பினர்கள் கேள்வி கேட்கும்போது மட்டும் மொத்த எண்ணாகச் சொல்லாமல், ஒவ்வோர் உயர்நீதிமன்றத்துக்கும் தனித்தனியாக, ஆண்டுதோறும் வெளியிடட்டும்.