ஓட்டையை மூடுறதுக்கு முன்னாடி...

சிம்லாவுக்கு மாற்றலாகி வந்தப்போ எங்களுக்குக் கிடைச்சது வெள்ளைக்காரன் காலத்து வீட்டில் மாடி போர்ஷன். 1864-ல் கோடைத் தலைநகரம் ஆன ஊர், இந்த மாதிரி வீடுகளுக்கா பஞ்சம்? கூடத்தில் செங்கல்லில் கட்டின ஃபயர்ப்ளேஸ். திருநெல்வேலிக்காரனுக்கு அதெல்லாம் சினிமாவில் பார்த்த சமாச்சாரம். சாமி படம் வைக்கத் தோதான மேடை என்றுதான் முதலில் தோன்றியது :-)

அதற்கு மேலே சுவரில் வட்டமாக ஒரு ஓட்டை. ஜில்லென்று காற்று. தங்கமணி அட்டையை வெட்டி ஒட்டி, மேலே தினசரி காலண்டரை மாட்டிவிட்டார். நானும் சபாஷ் போட்டேன்.

ஜனவரியில் ஒரு ராத்திரி எல்லோருக்கும் தலைவலி. பையன் வாந்தி எடுத்தான். குளிர் ஒத்துக்கலை என்று நினைத்துப் படுக்கப் போனவர்கள், லேசாகப் புகை வாடை வந்ததால் பிழைத்தோம். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடினோம். கீழ் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் விறகு மூட்டியிருந்தார். அவர் புகையும் எங்கள் சுவருக்குள் இருக்கும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. அட்டையின் பின்பக்கம் பழுப்பேறிக் கிடந்தது.

புகை வாடை வந்தது எங்கள் அதிர்ஷ்டம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அறையை அடைத்துக்கொண்டு அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி வடக்கே ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. "நாமதான் அடுப்பே மூட்டுறதில்லையே, நமக்கென்ன" என்று நான் நினைத்ததுதான் தப்பு. சுவர் பொதுவானது சார்.

அதனால் என் கட்சி இதுதான்: ஓட்டையை மூடுவது தப்பில்லை. எதற்கான ஓட்டை என்று தெரியாமல் மூடுவதுதான் தப்பு.

கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மேலே வட்டமாக, உள்ளே கரி படிந்திருந்தால், ஒரு காலத்தில் புகாரி அடுப்பின் குழாய் சொருகிய இடமாக இருக்கலாம். அடுப்புத் தரையில் சின்ன இரும்பு மூடி இருந்தால் சாம்பல் தள்ளும் வழி. கரியே இல்லாமல் வெளிக்காற்று வந்தால், தீ எரிவதற்குக் காற்று கொடுக்க வைத்த துவாரமாக இருக்கலாம். அடுப்பு மூட்டுகிற வீட்டில் அதை அடைக்கவே கூடாது. டார்ச் அடித்துப் பாருங்கள். ஊதுபத்தியைக் கிட்டே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் குழாய் மேலே திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆடாமல் நின்றால் அடைபட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீழ் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அவர்கள் புகை எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள்.

யாராவது பயன்படுத்தும் குழாய் என்றால் அட்டை, ப்ளைவுட், துணி, ஃபோம் எதுவும் ஆகாது. கடையில் கிடைக்கும் தகர மூடியும் அழகுக்குத்தான், காற்றை நிறுத்தாது. புகைபோக்கி வேலை தெரிந்த மிஸ்திரியைக் கூப்பிட்டு, சுவரின் முழு கனத்துக்கும் செங்கல் வைத்து, சூடு தாங்கும் கலவையால் பூச வேண்டும். யாருமே பயன்படுத்தாத குழாய் என்று உறுதியானால், உச்சியில் மழையும் பறவையும் புகாதபடி வலை வைத்த தொப்பி போட்டு, கீழே சின்னதாக ஒரு காற்றுவழி விட்டு மூடலாம். இரண்டு முனையையும் இறுக்கி அடைத்தால் உள்ளே ஈரம் கோத்துச் சுவர் ஊறும்.

எது எப்படியோ, படுக்கையறைப் பக்கம் ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வையுங்கள். வெறும் புகை அலாரம் இந்த வாயுவைக் காட்டாது.

வாடகை வீட்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்பீர்கள். செலவு வீட்டுக்காரருடையது, கேட்க வேண்டியது நாம். வீடு பார்க்கப் போனால் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், வண்டி எங்கே விடலாம், ரெண்டு மாச அட்வான்ஸ் போதுமா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். "இந்தச் சுவருக்குள் யார் வீட்டுப் புகை போகிறது?" என்று கேட்பதில்லை. மலை ஊருக்கு வரும் நம்மாட்கள் அந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலண்டர் இப்போது சமையலறையில் தொங்குகிறது. கூடத்துச் சுவரில் செங்கல் வைத்துப் பூசியாகிவிட்டது. பூச்சு கொஞ்சம் கோணல்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.