உடலுக்கும் ஒரு ஹக் உண்டு



விளையாட்டுச் செய்திகளை நம்மில் பலர் புரட்டிவிட்டுப் போய்விடுவோம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் ஓர் இளைஞரின் 2024ஆம் ஆண்டு ஆட்டங்களைப் படித்தபோது அவ்வாறு புரட்டிவிட இயலவில்லை. அவரைப் பற்றியே இம்மாதம் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அவர் பெயர் ஆல்ஃபி ஹெவெட். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்தவர். 1997இல் இதயக் குறைபாட்டுடன் பிறந்தவர். ஆறு வயதில் இடுப்பில் ‘பெர்தஸ்’ என்னும் நோய் கண்டது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றி, எலும்பு மெலிந்து நொறுங்கும் நோய் அது. சிறுவர்களுக்கே அதிகம் வரும். ஓடியாட வேண்டிய வயதில் அவருக்குச் சக்கர நாற்காலி வந்து சேர்ந்தது. அந்த நாற்காலியில் அமர்ந்தே டென்னிஸ் பழகினார்.

இந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1976இல் அமெரிக்காவில், பனிச்சறுக்கு விபத்தில் நடக்கும் ஆற்றலை இழந்த பிராட் பார்க்ஸ் என்ற இளைஞர் இதனைத் தொடங்கினார். ஆடுகளத்தின் அளவும் வலையின் உயரமும் மற்ற டென்னிஸுக்கு உள்ளவையே. பந்து இருமுறை தரையில் பட்டெழலாம் என்பது ஒன்றே சலுகை. மட்டையைப் பிடித்திருக்கும் அதே கையால் சக்கரத்தையும் தள்ள வேண்டும். ஓடுவதும் கை, அடிப்பதும் கை.

இதில் நாம் எளிதில் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை இருக்கிறது. நடந்து திரியும் ஆட்டக்காரருக்குத் தோள்பட்டை காயமுற்றால் ஆட்டம் நிற்கும், வாழ்க்கை நிற்காது. கால்கள் இயங்காமல் சக்கர நாற்காலியையே நம்பி வாழ்பவருக்கோ, தோள் போனால் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், கதவுவரை செல்வதும்கூடப் பிறர் தயவில்தான். ஆண்டுக்கணக்கில் சக்கரம் தள்ளுவோரிடம் தோள்வலி பரவலாகக் காணப்படுவதை மருத்துவர்கள் அறிவர். எனவே அவர்களுக்கு ஒரு பருவத்தை ஆடி முடிப்பது என்பது, எப்போது ஆடுவது, எப்போது ஓய்வது என்ற ஓயாத கணக்கு.

ஜப்பானின் ஷிங்கோ குனியெடாவைப் பாருங்கள். ஒன்பது வயதில் முதுகுத்தண்டுக் கட்டியால் கால்களின் இயக்கத்தை இழந்தவர். இவ்வாட்டத்தின் தலைசிறந்த வீரர். 2016இல் முழங்கையில் அறுவை செய்துகொண்டார். அதே ஆண்டு ரியோ பாராலிம்பிக்ஸ் வந்தது, களம் இறங்கினார், தனிநபர் ஆட்டத்தில் பதக்கமின்றித் திரும்பினார். அதன்பின் போட்டிகளை விட்டுச் சில காலம் விலகியிருந்து, முழங்கைக்குப் பாரம் குறையும்படி அடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார். 2018இல் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். 2021இல் டோக்கியோவில் தங்கமும் பெற்றார்.

ஹெவெட்டின் சோதனை வேறு வகை. அவர் அறவே நடக்க இயலாதவர் அல்லர் என்பதால், அவருடைய ஊனம் போட்டி விதிகளுக்குப் போதாது என்று கூறிவிட்டார்கள்! ஊனம் குறைவென்று ஒருவரை வெளியேற்றும் விந்தையை என்னென்பது? 2021உடன் எல்லாம் முடிந்தது என்று அவர் எண்ணியிருக்க, அவ்வாண்டு நவம்பரில் விதி திருத்தப்பட்டது. ஆட்டம் மீண்டும் அவர் கைக்கு வந்தது.

விம்பிள்டன் தனிநபர் பட்டம் அவருக்கு நெடுநாள் எட்டாக்கனி. 2022 இறுதி ஆட்டத்தில் குனியெடாவிடம் தோற்றார். 2023இல் டோக்கிட்டோ ஓடாவிடம் தோற்றார். ஓடாவும் ஒன்பது வயதில் எலும்புப் புற்றுநோய் கண்டவர். குனியெடாவைப் பார்த்து ஆட வந்தவர். 2024இல் ஆஸ்திரேலியாவிலும் அதே ஓடாவிடமே ஹெவெட் இறுதியில் வீழ்ந்தார். ஜூலையில், ஒருவழியாக, விம்பிள்டன் அவர் வசமானது.

அடுத்து பாரிஸ் பாராலிம்பிக்ஸ். செப்டம்பர் 6ஆம் நாள், கோர்டன் ரீடுடன் இணைந்து இரட்டையர் தங்கம் வென்றார். மறுநாளே ஓடாவுடன் தனிநபர் இறுதி. தொடையின் உட்புறத் தசையில் வலி. சிகிச்சை பெற்றுக்கொண்டே ஆடினார். மூன்றாம் செட்டில் 5-3 என முன்னிலை. இன்னும் ஒரே ஒரு புள்ளி, எடுத்தால் தங்கம். வலையை ஒட்டி மெல்ல விழும்படி பந்தைத் தட்டினார். கோட்டைத் தாண்டி விழுந்தது. 6-2, 4-6, 7-5 என்று வென்ற ஓடாவுக்கு அப்போது வயது 18.

வலியோடு ஆடியது சரியா என்று கேட்பீர்கள். இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்ற இளைஞர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அவருடைய உடலுக்கும் கண்ணுக்கும் அவர் மீது ஹக் உண்டென்று உணர்த்தியதை நாம் அறிவோம். அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று முதுமையில் அந்த ஸஹாபி ஏங்கினார்கள். வணக்கத்துக்கே இந்த அளவுகோல் என்றால் பதக்கத்துக்கு எம்மாத்திரம்! ஆயினும் நான்காண்டுக்கு ஒருமுறை வரும் ஒரு நாளில் அந்த இளைஞர் எடுத்த முடிவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் அவ்வாறு ஆடியிருந்தால் கூறியிருப்பேன்.

நம் வீடுகளிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். “உன்னால் ஆகாது” என்று மூலையில் அமர்த்தும் வாப்பாவும் உண்டு. “நீயும் மற்றவர்களைப் போலத்தான்” என்று வலியைச் சொல்லவிடாமல் விரட்டும் உம்மாவும் உண்டு. அப்பிள்ளையிடம் கடைசியாக எப்போது, “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டீர்கள்?

ஹெவெட்டின் கதை பாரிஸில் முடியவில்லை. 2025 ஜனவரியில் மெல்போர்ன் நகரில், ஆஸ்திரேலிய ஓபன் இறுதி ஆட்டத்தில், மீண்டும் ஓடா எதிரே வந்தார். இம்முறை 6-4, 6-4 என்று ஹெவெட் வென்றார்.