ஒரு பையன் கண்ட காட்டுக் காப்பி

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். ‘மரோன்’ என்ற சொல்லைக் கண்டால் இன்றும் நின்றுவிடுவேன். தீவுத் தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடிய அடிமைகளை அப்படித்தான் அழைத்தார்கள். மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரீக் தீவில் ஒரு செடிக்கும் அந்தப் பெயர் உண்டு: ‘கஃபே மரோன்’, அதாவது காட்டுக் காப்பி. உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை.

அழிந்துபோயிற்று என்றே அறிஞர்கள் முடிவு செய்திருந்தார்கள். 1980 வாக்கில் அத்தீவின் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அதன் படத்தைக் காட்டினார். அந்தச் செடி தன் வீட்டுப் பக்கம் இருப்பதாக ஒரு பையன் சொன்னான். போய்ப் பார்த்தால் உண்மைதான். சாலையோரத்தில் ஒரே ஒரு செடி!

செய்தி பரவியதும் மருந்துக்கென்று கிளையை ஒடிக்க ஆட்கள் வந்தார்கள். வேலிக்கு மேல் வேலி போட வேண்டியதாயிற்று. 1986-இல் சில கிளைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே பூத்தது, காய்க்கவில்லை. 2003-இல்தான் விதை கிடைத்தது. பிறகு கன்றுகள் தீவுக்கே திரும்பின.

அலுவலகத்தில் கோப்பு கண்ணில் படாவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி முடித்துவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். சரியாகத் தேடினேனா என்பது வேறு விஷயம்.

வேலியும் விஞ்ஞானமும் பிறகு வந்தவை. முதலில் வந்தது ஆசிரியர் காட்டிய படம். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெருவோரச் செடிகள் நாலின் பெயரையாவது நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நமக்குத் தெரிந்த பெயர்கள் நம்மோடு போய்விடக் கூடாது.