நெருங்கிய ரத்தம்தான் கூட்டத்தைக் கட்டியதா?

கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட மண்ணுக்கடியில் வாழும் முடியற்ற மோல் எலியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு வளைக்கு ஒரே ராணி. அவள் மட்டுமே குட்டி போடுவாள். எழுபது எண்பது எலிகள் வளை தோண்டி, கிழங்கு தேடி, அவளுடைய குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும். ஜெனிஃபர் ஜார்விஸ் 1981-ல் இதை வெளியிட்டபோது உலகமே வியந்தது, அதில் பிழையில்லை. பிழை, பின்னால் ஒட்டிக்கொண்ட காரணத்தில்தான் இருக்கிறது: அண்ணன் தங்கை, தாய் மகன் என்று தலைமுறைதோறும் தமக்குள்ளேயே கூடியதால் எல்லாம் ஒன்றின் நகல்களாகிவிட்டன, அதனால்தான் ஒன்றுக்கொன்று உழைக்கின்றன என்கிறார்கள்.

இதற்கு அவர்கள் காட்டும் சான்று ஓர் எண். 1990-ல் வெளியான டிஎன்ஏ ஆய்வில், ஒரே வளையைச் சேர்ந்த எலிகளின் உறவு நெருக்கம் சராசரியாக 0.81 என்று வந்தது. சாதாரண உடன்பிறப்புகளுக்கு அது 0.5தான். ஆனால் அந்த எலிகள் எங்கிருந்து வந்தவை? கென்யாவில் ஆதி ஆற்றுக்குத் தெற்கே, சிறு நிலப்பரப்பிலிருந்து. 2015-ல் ஆற்றின் இரு பக்கத்து வளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெற்கே எல்லா வளைகளிலும் தாய்வழி மைட்டோகாண்ட்ரிய வரிசை ஒன்றே ஒன்று. வடக்கே அப்படியில்லை, மரபணு வேறுபாடு கணிசமாக இருந்தது. எப்போதோ ஒருமுறை ஆற்றைத் தாண்டிய சில எலிகளின் வாரிசுகளே தெற்கில் பரவியிருக்கின்றன. ஊரே ஒரு வம்சத்தில் வந்ததென்றால், ஒரு வீட்டார் ஒரே சாயலில் இருப்பதை வைத்து அங்கே அண்ணன் தங்கை மணம் நடந்ததாகச் சொல்லிவிட முடியாது. ஓர் ஆற்றங்கரையின் வரலாற்றை ஓர் இனத்தின் இயல்பென்று வாசித்துவிட்டோம்.

வெளியே போக அவற்றுக்கு விருப்பமே இல்லை என்பது அடுத்த வாதம். 1996-ல் ஆய்வுக்கூட வளைகளில் ஒரு வகை எலிகளை அடையாளம் கண்டார்கள். உடலில் கொழுப்பு சேர்த்தவை, வேலையில் நாட்டமில்லாதவை, வாய்ப்புக் கிடைத்தால் வெளியேறத் துடிப்பவை. சொந்த ராணியோடு கூடுவதில் இவை அக்கறை காட்டவில்லை, அயல் வளையைச் சேர்ந்தவற்றையே நாடின. மேரு தேசியப் பூங்காவில் பல ஆண்டுகள் எலிகளுக்கு அடையாளமிட்டுக் கண்காணித்த ஸ்டான் பிரௌட், அவை வளைவிட்டுப் போய்ப் புது வளை அமைப்பதைக் காட்டில் நேரடியாகவே பதிவு செய்தார். பெண் எலிகளுக்கும் தேர்வு உண்டு: பழகிய உடன்பிறப்பு, பழகாத ஆண் இரண்டையும் முன்னால் விட்டால் பழகாததைத்தான் நாடுகின்றன. அடைத்து வைத்தால் உடன்பிறப்புகளும் கூடும், உண்மைதான். வேறு துணையே கொடுக்காமல் பெற்ற முடிவை விருப்பம் என்று எழுதியது நியாயமில்லை.

என்னைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்த்துவைப்பது தெற்கு ஆப்பிரிக்காவின் டமாராலாந்து மோல் எலி. அங்கும் ஒரே ராணி, அங்கும் உதவியாளர்கள். ஆனால் நெருங்கிய உறவுக்குள் கூடுவதை அவை அறவே தவிர்க்கின்றன. ராணி செத்துப்போனால், மகள்கள் தகப்பனோடோ சகோதரனோடோ கூடுவதில்லை. வெளியிலிருந்து ஓர் ஆண் வரும்வரை வளையில் குட்டியே பிறக்காது. அவற்றின் உறவு நெருக்கம் சாதாரணக் குடும்பத்தின் அளவுதான். நகல்களாகாமலேயே இந்தக் கூட்டுவாழ்வு அமைந்திருக்கிறதே!

இரண்டு இனங்களுக்கும் பொதுவாக இருப்பது மண். உணவான கிழங்குகள் தூரம் தூரமாகச் சிதறிக் கிடக்கின்றன. காய்ந்த நிலம் பாறைபோல் இறுகிவிடும். மழைக்குப் பின் கிடைக்கும் சில நாட்களில்தான் வேகமாகத் தோண்ட முடியும். தனி எலி ஒன்று கிழங்கைக் கண்டுபிடிப்பதற்குள் பட்டினியில் சாகலாம். பலவாகச் சேர்ந்து தோண்டினால் ஏதாவது ஒன்றுக்குத் தட்டுப்படும்.

ஒரு வளையின் எலி தன் கூட்டத்தை எப்படி அறிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளைக்கும் தனிக் கீச்சொலி உண்டென்று 2021-ல் பெர்லின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குட்டியைப் பிறந்ததுமே வேறு வளையில் வளர்க்க விட்டால், அது வளர்ப்பு வளையின் கீச்சொலியையே கற்றுக்கொள்கிறது. எல்லாம் மரபணுவின் பிடியிலென்றால், அந்தக் குட்டி பெற்றவளின் வளைக் குரலில் அல்லவா கீச்சிட்டிருக்க வேண்டும்?