ராசா மேல கேசு போட முடியுமா?

களமருதூர்ப் பக்கம் நம் தோழர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "அடிச்ச போலீசு மேல கேசு போடலாம். அவன அனுப்புன கவர்மெண்டு மேல போட முடியுமா?" போடலாம். ஆனால், 'இது இறையாண்மைச் செயல், நட்டஈடு தரமாட்டேன்' என்று கவர்மெண்டு ஒரு பழைய கேடயத்தைத் தூக்கும்.

அரசன் தப்பே செய்யமாட்டான் என்ற இங்கிலாந்து விதியிலிருந்து வந்த கேடயம் அது. கம்பெனி மேல் எந்த அளவுக்கு வழக்குப் போட முடிந்ததோ, அந்த அளவுக்குத்தான் இன்றைய அரசுகள் மேலும் போடலாம் என்கிற 1858-ஆம் வருசத்துக் கணக்கு, நம் அரசியல் சட்டத்தின் 300-ஆம் பிரிவில் இன்னும் கிடக்கிறது.

மீரட்டில் 1947-ல் போலீசு ஒரு வியாபாரியின் தங்கத்தைப் பறிமுதல் செய்தது. ஏட்டு அதைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று பேர். கைதும் பறிமுதலும் இறையாண்மை வேலை, அரசு பணம் தர வேண்டாம் என்றது உச்சநீதிமன்றம். இதற்குச் சட்டம் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னது. 1965-லும் 1967-லும் மசோதா வந்தது, இரண்டும் காலாவதியானது.

தங்க வியாபாரிக்கே இந்தக் கதி! அரசு பஸ் மோதினால் நட்டஈடு உண்டு. கைது, சோதனை, லாக்கப் என்றால் கேடயம். சேரிக்குள்ளேயும் மலை மேலேயும் அரசாங்கம் எந்த உருவத்தில் வருகிறதோ, சரியாக அதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

கேடயத்தில் ஓட்டை விழுந்தது 1993-ல். போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த ஒரிசாத் தாய் நீலாபதி பெஹரா எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்தது உச்சநீதிமன்றம். அடிப்படை உரிமை பறிபோன இடத்தில் இறையாண்மை வாதம் செல்லாது என்று சொல்லி ஒன்றரை லட்சம் கொடுக்க வைத்தது.

நம் கல்வராயன் மலையாளி மக்களின் சொந்தங்கள்தான் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் இருப்பவர்கள். 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊரைச் சூறையாடின. 2011-ல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தரச் சொன்னது; அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னது. முப்பத்தோரு வருசம் ஆச்சு.

மனு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று. சிவில் வழக்கென்றால் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாதம் முன்பே அரசுக்கு நோட்டீஸ் தரணும். 226-ன் கீழ் ரிட் என்றால் அது வேண்டாம். மனுவில் 'நிவாரணம்' என்று கேட்காதீர்கள். 'அடிப்படை உரிமை பறிக்கப்பட்டதற்கான நட்டஈடு' என்று எழுதுங்கள். அந்தப் பணத்தை அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லியும் ஒரு வரி சேருங்கள்.